ஜீப்பில் வந்த ஃபைல்

பசியில் கந்தம்மாளுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டு வந்தது. வெள்ளனே ஒரு டம்ளர் தேத்தண்ணி உள்ளே போனதோடு சரி. பூண்டுக் காட்டில் எல்லாரும் கஞ்சிக்கு உட்காருகிற நேரம் பார்த்து மாயாண்டி கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. தூக்குச்சட்டியின் மூடியைக்கூடக் கழற்றாமல் வரப்பில் வைத்துவிட்டு, களைக்கொத்தும் கையுமாக மேட்டில் ஏறி ஓடிவந்தாள். இப்போது கிளாவரை ஜீப் நிறுத்தத்தில், மூடுபனி விலகாத ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சட்டியைக் கையோடு எடுத்து வந்திருக்கலாம் என்று இப்போதுதான் புத்தி வந்தது.

மாயாண்டி சொன்ன சேதி இவ்வளவுதான். கொடைக்கானல் பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற சஜ்ஜாத் போன் போட்டான். கந்தம்மாளின் ஃபைல் ஜீப்பில் வந்திருக்கிறதாம். திறக்க முடியவில்லையாம். வெரசா வந்து பார்க்கச் சொன்னானாம். மாயாண்டி கடைப் போனில் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும். மீதிப் பாதியை மாயாண்டி தன் பொறுப்பில் நிரப்பிக்கொள்வார்.

சேதியில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. கிளாவரைக்கு எதுதான் ஜீப்பில் வரவில்லை? சர்க்கரை மாத்திரை, கல்யாணப் பத்திரிகை, பழுதுபார்த்த மிக்ஸி, விதைக்கிழங்கு எல்லாமே கீழே யாராவது ஒரு கடையில் கொடுத்து, டிரைவரிடம் பேர் சொல்லி அனுப்பி, நிறுத்தத்தில் வந்து வாங்கிக்கொள்வதுதான். சஜ்ஜாத்தும் அப்படித்தான் சொல்லியிருந்தான். காகிதம் கம்ப்யூட்டரில் வந்ததும் அச்செடுத்து ஜீப்பில் கொடுத்துவிடுகிறேன், நீங்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வரவேண்டாம் என்று.

காகிதம் மேனகாவுக்கு. கந்தம்மாளின் ஒரே மகள், திருச்சியில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். சிலோனிலிருந்து வந்த தோட்டத்துச் சனங்களின் பிள்ளைகளுக்கு மெட்ராஸில் ஒரு டிரஸ்ட் பீஸ் கட்டுகிறது. வருசா வருசம் ஒரு பாரம் வரும். அதில் பெற்றவள் கையெழுத்தும் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் விழவேண்டும். போன வருசம் வரை தபாலில் வந்தது. இந்த வருசம் தபால் செலவு மிச்சம் என்று கம்ப்யூட்டரில் அனுப்பிவிட்டார்கள். மேனகா அதில் பேரெல்லாம் அடித்து சஜ்ஜாத் கடைக்கு மெயில் போட்டாள். திங்கட்கிழமை பாரம் மெட்ராஸில் இல்லையென்றால் பீஸ் கிடையாது. பீஸ் இல்லையென்றால் பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லாத பிள்ளை மலை ஏறி வந்து அம்மா பக்கத்தில் குனிந்து பூண்டுக்குக் களை எடுக்கவேண்டியதுதான். அது மட்டும் நடக்கக்கூடாது என்றுதான் கந்தம்மாள் இத்தனை வருசம் குனிந்து கிடந்தாள்.

ஃபைல் என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாடா வைத்துக் கட்டிய அட்டை. ரேஷன் கார்டும், கப்பலில் வந்தபோது அப்பன் கையில் கொடுத்த காகிதங்களும் வீட்டில் அப்படி ஒரு அட்டையில்தான் இருக்கின்றன. சஜ்ஜாத் நல்ல பையன், நனையாமல் இருக்க அட்டையில் வைத்து அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

சின்னக்கருப்பனின் ஜீப்புதான் முதலில் வந்தது. ஆட்கள் இறங்கி, மூட்டைகள் இறங்கி முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு கேட்டாள். தன்னிடம் ஒருத்தரும் ஒன்றும் கொடுத்துவிடவில்லை என்றான் அவன். சஜ்ஜாத்தே போன் போட்டுச் சொன்னான் என்றாள் இவள். அவன் முன் கண்ணாடிக்குக் கீழே துழாவினான். சாக்குகளைப் புரட்டினான். மேலே ஏறித் தார்ப்பாயை உதறினான். ஒன்றுமில்லை. இறங்கிய சனம் போகாமல் நின்றது. இராமலிங்கத்தின் வீட்டுக் கேரட் அன்றைக்கு இந்த ஜீப்பில்தான் கீழே போகவேண்டும். மூட்டையோடு இராமலிங்கமும் அவர் சம்சாரம் அழகம்மாளும் காத்திருந்தார்கள்.

திறக்க முடியவில்லை என்று சஜ்ஜாத் சொன்னது கந்தம்மாளின் மண்டைக்குள் குடைந்தது. ஜீப்பில் திறக்க முடியாதது என்ன இருக்கிறது? கதவு கிடையாது, படுதாதான். பின் சீட்டுக்கு அடியில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி ஒன்று இருப்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

“அந்தப் பொட்டியத் தொற.”

“அதுல டூல்ஸு கெடக்குக்கா. ஜாக்கியும் ஸ்பேனரும். ஒன் ஃபைலு அதுக்குள்ள எப்பிடிப் போகும்?”

“டூல்ஸுன்னா தொறந்து காட்டுறதுக்கு என்ன?”

“சாவி வீட்ல இருக்குக்கா.”

“வழியில டயரு வெடிச்சா வீட்டுக்கு நடந்து போய்த்தான் சாவி எடுத்தாருவியா?”

சனம் சிரித்தது. சின்னக்கருப்பன் சிரிக்கவில்லை. சோலி கிடக்கிறது, கேரட்டை ஏற்றவேண்டும், மார்க்கெட்டுக்கு லாரி நிற்காது என்று என்னென்னவோ சொன்னான். சொல்லச் சொல்லக் கந்தம்மாளுக்கு உறுதியானது. சாவி அவன் அரைஞாணில் தொங்குவதாக அழகம்மாள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

பெட்டி திறந்தது. ஜாக்கி இருந்தது. ஸ்பேனர் இருந்தது. கரித்துணிக்கு அடியில் குவார்ட்டர் பாட்டில்கள் அடுக்காக இருந்தன.

கிளாவரையில் பிராந்திக் கடை கிடையாது. கேட்டவர்களுக்கு அவன்தான் கொண்டுவந்து கொடுப்பான் என்பது ஆம்பளைகளுக்கெல்லாம் தெரியும். கேட்டவர்களில் நாலு பேர் அந்தக் கூட்டத்திலேயே நின்றார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கேரளா பக்கத்து மலையைப் பார்த்தார்கள். இராமலிங்கம் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். அழகம்மாள் பேச ஆரம்பித்தாள். அவளோடு மற்றப் பொம்பளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எந்த வீட்டில் எந்தக் கம்மல் எப்போது அடகுக்குப் போனது என்பது வரை அங்கே பேசப்பட்டது. தன் வீட்டுக் கேரட் இந்த ஜீப்பில் ஏறாது என்று அழகம்மாள் முடித்தாள். இராமலிங்கம் மூட்டையை ஓரமாக இழுத்துப் போட்டார். வேறு ஜீப்புக்கு ஆள் போனது.

இவ்வளவுக்கும் நடுவில் ஃபைல் மட்டும் இல்லை. கந்தம்மாளுக்குக் கண் இருட்டியது. பசியா ஆத்திரமா என்று அவளுக்கே பிரியவில்லை.

“எம் பிள்ள படிப்ப எந்தப் பள்ளத்துலடா வீசின?” என்றாள்.

சின்னக்கருப்பன் பெட்டியைப் பூட்டினான். “யக்கா, சரக்கு கொண்டாந்தேன், ஒத்துக்கிறேன். ஒன் ஃபைல நான் கண்ணால பாக்கல.” வெறும் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனான்.

கந்தம்மாள் பஸ் ஏறினாள். மண் அப்பிய காலோடு, களைக்கொத்தோடு ஏறினாள். மன்னவனூரில் ஏறிய ஒருத்தி, அக்கா டவுனுக்குக் களை எடுக்கவா போறீங்க என்று கேட்டாள். கந்தம்மாள் களைக்கொத்தைச் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். பூம்பாறை தாண்டியும் சின்னக்கருப்பனைத்தான் மனதுக்குள் ஏசிக்கொண்டு போனாள்.

சஜ்ஜாத்தின் கடை பஜாரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. முன்பக்கம் அவனைப் பெற்ற அத்தா இப்ராம்சா தைலப் பாட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். பின்பக்கம் பலகைத் தடுப்புக்குள் கம்ப்யூட்டர்கள். சஜ்ஜாத் காலையிலிருந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவன் தலையைப் பார்த்தாலே தெரிந்தது. மேசையெல்லாம் காகிதம்.

சின்னக்கருப்பன் ஃபைலைத் தொலைத்துவிட்டான் என்று கந்தம்மாள் உள்ளே நுழையும்போதே ஆரம்பித்தாள். பெட்டியைத் திறந்ததையும் பாட்டிலையும் வரிசையாகச் சொன்னாள். சஜ்ஜாத் கேட்டுக்கொண்டே நின்றவன், பாட்டிலுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“யக்கா. நான் ஜீப்புன்னு சொல்லல. ஜிப்புன்னு சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானப்பா.”

அவன் தான் போட்டிருந்த ஜெர்கினின் ஜிப்பைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துக் காட்டினான். “இந்த ஜிப்பு. இங்க பாருங்க.” திரையில் மஞ்சள் நிறத்தில் சின்னப் பை மாதிரி ஒரு படம் இருந்தது. அதன் நடுவில் ஜிப் போட்டிருந்தது. “மேனகா அனுப்பினது இதுதான். ஜீப்புல ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. காலையில இருந்து இங்கதான் கெடக்கு.”

கந்தம்மாள் அந்தப் படத்தையே பார்த்தாள். திறக்க முடியவில்லை என்றானே, அது இதுதான். ஜெர்கினில் ஜிப் சிக்கிக்கொண்டால் எப்படித் திறக்காதோ அப்படி. அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் சின்னக்கருப்பன் வெறும் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனது கண்ணுக்குள் நின்றது.

“மெழுகுவத்தியத் தேச்சுப் பாத்தியா?” என்று மட்டும் கேட்டாள்.

முன்பக்கம் இப்ராம்சா சத்தமாகச் சிரித்தார். சஜ்ஜாத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் அழாத குறையாக விளக்கினான். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு காகிதத்தின் பேருக்குப் பின்னாலும் ஒரு வால் உண்டு. இது எழுத்தா, படமா, பாட்டா என்று அந்த வாலைப் பார்த்துத்தான் அது தெரிந்துகொள்ளும். மேனகா அனுப்பும்போது வால் சரியாகத்தான் இருந்திருக்கிறது. இங்கே இறக்கும்போது நடுவில் பிரவுசர் என்று ஒன்று இருக்கிறது. அது உள்ளே மோந்து பார்த்துவிட்டு, நீ எழுத்து இல்லை, பல காகிதத்தைச் சேர்த்துக் கட்டிய ஜிப்தான் என்று தானாக முடிவு பண்ணி வாலை மாற்றிவிட்டது. யாரும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

“பேருக்குப் பின்னாடி சாதி போடுற மாதிரியா?” என்றாள்.

“அப்பிடித்தான்னு வைங்க.”

“பின்னாடி மாத்தி எழுதிட்டா உள்ள இருக்கவன் மாறிருவானா?”

“மாறமாட்டான்க்கா. ஆனா வாசல்ல நிக்கிறவன் உள்ள விடமாட்டான்ல.”

அது அவளுக்குப் புதிதில்லை. இருபத்தைந்து வருசமாகக் கிளாவரையில் அவளுக்கு சிலோன்காரி என்றுதான் பேர்.

வாலைத் திருப்பி மாற்றவேண்டியதுதானே என்றாள். மாற்றினான். பேருக்குப் பின்னால் சரியான வாலை அடித்தான். படம் மாறவில்லை. பழைய வால் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு வால். அந்த ஒளிந்திருக்கிற வாலை வெளியே கொண்டுவருவதற்கு எங்கே அமுக்கவேண்டும் என்று அவன் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போனது. கரண்ட் வந்து, கம்ப்யூட்டர் முக்கி முனகி எழுந்து, வாலைக் கண்டுபிடித்து வெட்டி எறிந்ததும் காகிதம் திறந்தது. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. அவன் கடையில் இருந்த வேர்டு பழசு. மேனகா கல்லூரிப் பக்கம் இருந்தது புதுசு. புதுசு எழுதியதைப் பழசால் படிக்க முடியாது.

மேசையில் கிடந்த காகிதங்கள் பாரமாகத் திறக்காததால் காலையில் அவன் ஜிப்பைப் பிரித்து, உள்ளே கிடந்ததை எல்லாம் அச்செடுத்தவை. கந்தம்மாள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்தும் இரண்டு பக்கமும் கூர் வைத்த குறிகளும் நெருக்கி நின்றன. சஜ்ஜாத் ஒரு இடத்தில் விரலை வைத்தான். இது உங்கள் பேர். கீழே இன்னொரு இடம். இது மேனகா பேர். நடுவில் எல்லாம் முள்ளுக்கம்பி.

“இதுலயே கையெழுத்துப் போட்டு அனுப்பிருவமா?” என்று கேட்டாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

மேனகாவின் ஹாஸ்டலுக்குப் போன் போட்டார்கள். வகுப்பு விட்டுத்தான் கூப்பிட முடியும் என்று வார்டன் வைத்துவிட்டாள். காத்திருந்தார்கள். இப்ராம்சா பன்னும் தேத்தண்ணியும் வாங்கிவரச் சொல்லிக் கந்தம்மாள் கையில் கொடுத்தார். தபாலில் போட்டிருந்தால் நேற்றே வந்து சேர்ந்திருக்கும் என்றார். சஜ்ஜாத் முறைத்தான். அவர் மறுபடியும் அதையே சொன்னார்.

மேனகா கூப்பிட்டாள். விசயத்தைக் கேட்டுவிட்டு, பக்கத்து பிரவுசிங் கடையில் போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள்: “இங்க நல்லாத் தொறக்குதேண்ணே.”

சஜ்ஜாத் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். அங்கே திறக்கிறது என்பதுதான் கோளாறே என்று பொறுமையாகச் சொன்னான். பழைய வேர்டுக்கு மாற்றி அனுப்பச் சொன்னான். அவள் அதே காகிதத்தை இன்னொரு தரம் அனுப்பினாள். அது இன்னொரு தரம் ஜிப்பாக வந்தது. அடுத்த தரம், பழசு என்றால் வாலை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்து, கையால் வாலைத் திருத்தி அனுப்பினாள். ஜிப்பாக வரவில்லை. கட்டம் கட்டமாக வந்தது. ஏம்மா, நீயும் அந்த பிரவுசர் செய்த வேலையைத்தானே செய்திருக்கிறாய் என்று சஜ்ஜாத் கத்தினான். கத்தியதற்கு உடனே வருத்தமும் தெரிவித்தான். பிறகு எந்தப் பட்டனை அமுக்கவேண்டும், எந்த வரியைத் தேடவேண்டும், அதில் எதைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். அவள் அந்தப் பக்கம் கடைக்காரனிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைக்காரன், எனக்கே சொல்லித் தருகிறீர்களா என்று கேட்டது இங்கே வரை கேட்டது.

இதற்கு நடுவில் ரிசீவர் கந்தம்மாள் கைக்கு வந்தது.

“ஏம்மா நீ எறங்கி வந்த? அண்ணன் ஜீப்புல குடுத்துவிடுறேன்னு சொன்னாருல்ல?”

“ஜீப்புப் பேச்ச எடுக்காத நீ,” என்று சொல்லிவிட்டு ரிசீவரைச் சஜ்ஜாத்திடம் கொடுத்தாள்.

கடைசியில் வந்தது. வால் மாறாமல், கட்டம் கட்டாமல், பாரமாக வந்தது. டிரஸ்ட்டின் முத்திரை மேலே, மேனகா பேர் நடுவில், கந்தம்மாள் கையெழுத்துக்குக் கோடு கீழே. அச்சு வெளியே வரும்வரை மூன்று பேரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். சஜ்ஜாத் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தான். முள்ளுக்கம்பிக் காகிதத்துக்குக் காசு வேண்டாம் என்றான். ஒரு பக்கத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டான்.

வெளியே மழை பிடித்திருந்தது. கடைசி பஸ் போயிருந்தது. மேலே போகிற ஜீப் ஒன்றே ஒன்று ஸ்டாண்டில் நின்றது. அது யாருடையது என்று தூரத்திலேயே தெரிந்துவிட்டது. கந்தம்மாள் கொஞ்ச நேரம் எதிர்க்கடைத் தாழ்வாரத்தில் ஒண்டி நின்றாள். நாளைக்குத் தலைவரைப் பிடித்தாகவேண்டும். போய் ஏறினாள். வேறு சவாரி இல்லை. முன் சீட்டில் உட்காரச் சொல்லி சின்னக்கருப்பன் கையைக் காட்டினான்.

பூம்பாறை வரை மழை கண்ணாடியில் அடித்தது.

“ஃபைலு கெடச்சுச்சாக்கா?”

“கெடச்சுச்சு.”

“யாரு வச்சிருந்தா?”

“கம்ப்யூட்டரு வச்சிருந்துச்சு.”

“அதுலயும் ஒரு பொட்டி இருந்திருக்குமே. தொறக்கச் சொல்லி நாலு வார்த்த கேட்டியா?”

அவள் உறையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஜீப்பும் ஜிப்பும் எப்படிக் குழம்பிப்போனது என்று சொன்னாள். மாயாண்டி கடைப் போனைச் சொன்னாள். அவன் வளைவுகளைப் பார்த்து ஓட்டிக்கொண்டே கேட்டான். சிரிப்பான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. அழகம்மாள் வீட்டுக் கேரட் இனி எப்போதும் தன் ஜீப்பில் ஏறாது என்றான். ஊரில் பாதிப் பொம்பளைகள் பிள்ளைகளைத் தன் ஜீப்பில் பள்ளிக்கூடம் அனுப்பமாட்டார்கள் என்றான். பாட்டிலை அவன் கொண்டுவந்தது வாஸ்தவம்தான். ஆனால் அதைக் கேட்டு வாங்கினவன் எல்லாம் இன்றைக்கு ராத்திரி வீட்டில் நல்லவனாகச் சாப்பிட்டுப் படுப்பான் என்றான்.

“நீ எல்லார் முன்னாடியும் கேட்ட பாரு, பிள்ள படிப்ப எங்க வீசினன்னு. அதுதான்க்கா ஆறல.”

கொஞ்ச தூரம் போனபிறகு, “இன்னிக்குக் கைவிட்டுப் போன கேரட்டு நடைக்கு ஒன் வாடகைய நான் குடுத்துருறேன்,” என்றாள்.

வேண்டாம் அக்கா என்று சொல்லுவான் என்று எதிர்பார்த்தாள். அந்த மலையில் அப்படித்தான் சொல்லுவார்கள், பிறகு இரண்டு பேரும் அதை மறந்துவிடுவார்கள்.

“குடு,” என்றான் சின்னக்கருப்பன். “வேணாங்கல.”

மறுநாள் தலைவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பாரத்தைத் தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குப் போய்ச் சேராது. ஞாயிற்றுக்கிழமை கந்தம்மாள் அதை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் இறங்கி, மெட்ராஸ் போகிற பஸ்ஸில் ஏறிய ஒரு தெரிந்த குடும்பத்திடம் கொடுத்தனுப்பினாள். பீஸ் கட்டினார்கள். மேனகா பரீட்சை எழுதினாள்.

சின்னக்கருப்பனுக்கு ஒரு கேரட் நடையின் வாடகை கந்தம்மாள் இன்னும் தரவேண்டும்.